உணரிகள் சொல்வதும் சொல்லாததும்

புறநோயாளிப் பிரிவுக்கு வருகிற குடும்பங்களின் கைப்பையில் இப்போதெல்லாம் ஒரு சிறு ஆய்வுக்கூடமே இருக்கிறது. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர், சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டர், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, டிஜிட்டல் வெப்பமானி. கூடவே, தேதியும் நேரமும் இட்டு எண்களை எழுதி வைத்த ஒரு நோட்டுப் புத்தகம். 2020-க்கு முன்பு ஆக்ஸிமீட்டர் என்ற சொல்லை மருத்துவமனைக்கு வெளியே நாங்கள் அரிதாகவே கேட்டிருக்கிறோம். கொரோனா பெருந்தொற்று அதைத் தெருமுனை மருந்துக் கடை வரை கொண்டுவந்து சேர்த்துவிட்டது.

அந்த நோட்டுப் புத்தகத்தை நாங்கள் பெரிதும் மதிக்கிறோம். நோயாளி எங்கள் முன் அமரும் பத்து நிமிடங்களில் தெரியாத பல செய்திகள் அதில் இருக்கும். ஆயினும் ஒரு கவலையும் எங்களுக்கு உண்டு. எண் நன்றாகத்தானே இருக்கிறது என்று வீட்டிலேயே காத்திருந்துவிட்டு, காலம் கடந்து வருகிறவர்களைப் பார்க்கிறோம். எண் சற்று மாறிவிட்டது என்பதற்காகத் தாமாகவே மருந்தையோ ஆக்ஸிஜனையோ கூட்டிவிட்டு, அதனாலேயே ஆபத்தான நிலையில் வருகிறவர்களையும் பார்க்கிறோம். பெரும்பாலும் அவர்களுடைய கருவியில் பழுது ஏதும் இருப்பதில்லை. அது எதை உணர்கிறது, எதை உணர்வதில்லை என்பதைத்தான் யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லியிருப்பதில்லை. அதைச் சொல்வதற்காகவே இக்கட்டுரை.

உணரி என்பது யாது?

உணரி, அதாவது சென்சார், என்பது சூழலில் ஏற்படும் ஒரு மாற்றத்தை மின்சாரமாகவோ மின்சாரத்தின் மாற்றமாகவோ ஆக்கித் தருகிற பொருள். டிஜிட்டல் வெப்பமானியின் உலோக முனைக்குள் கடுகு போன்ற ஒரு சிறு மணி இருக்கிறது. அதற்குத் தெர்மிஸ்டர் என்று பெயர். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். கருவி அறிவது அந்தத் தடையை மட்டுமே. தடை இவ்வளவு என்றால் வெப்பம் இவ்வளவு என்று முன்கூட்டியே அதனுள் பதிந்து வைக்கப்பட்ட கணக்கின்படி 98.6 என்றோ 101 என்றோ எழுத்தாக்கிக் காட்டுகிறது.

எல்லா மருத்துவ உணரிகளுக்கும் இதே இயல்புதான். ஆக்ஸிமீட்டர் உணர்வது ஆக்ஸிஜனை அன்று, வெளிச்சத்தை. குளுக்கோமீட்டர் உணர்வது மிக மெல்லிய ஒரு மின்னோட்டத்தை. ரத்த அழுத்தக் கருவி உணர்வது கைப்பட்டைக்குள் இருக்கும் காற்றின் அதிர்வை. திரையில் தோன்றும் எண் அவ்வுணர்விலிருந்து ஊகித்துப் பெறப்பட்டது. ஊகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். இல்லையென்றால் நாங்களே இவற்றைப் பயன்படுத்த மாட்டோம். ஆனால் எந்தச் சூழ்நிலையில் அந்த ஊகம் தவறும் என்பதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்கை அறிந்துகொள்ள மருத்துவப் படிப்புத் தேவையில்லை.

வெப்பமானியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அக்குளில் வைத்தால் வாயில் வைப்பதைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டும். சூடாக ஏதேனும் அருந்திய உடனே வாயில் வைத்தால் கூடுதலாகக் காட்டும். நெற்றிக்கு நேரே பிடிக்கும் துப்பாக்கி போன்ற கருவி தோலிலிருந்து வெளிப்படும் அகச்சிவப்புக் கதிரை உணர்வது. வெயிலில் நடந்து வந்தவருக்கும், வியர்த்து உலர்ந்தவருக்கும் அது தோலின் வெப்பத்தைத்தான் சொல்லும், உள்ளுடலின் வெப்பத்தை அன்று. ஐயம் இருந்தால் நிழலில் சற்று நேரம் அமரச் செய்து, வாயில் வைக்கும் வெப்பமானியால் மீண்டும் பாருங்கள்.

விரல் நுனியில் இரண்டு ஒளிகள்

ஆக்ஸிமீட்டரைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். அதன் பிறப்பே ஒரு சுவையான செய்தி. ஜப்பானில் நிஹோன் கோடென் என்ற மருத்துவக் கருவி நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர் தகுவோ ஆவோயாகி. இதயம் ஒரு நிமிடத்தில் எவ்வளவு ரத்தத்தை வெளியேற்றுகிறது என்பதை, ரத்தத்தில் ஒரு சாயத்தைச் செலுத்தி, காது மடலின் வழியே ஒளியைப் பாய்ச்சி அளக்க அவர் 1970-களின் தொடக்கத்தில் முயன்றுகொண்டிருந்தார். ஒவ்வொரு நாடித் துடிப்பின்போதும் ஒளி ஏறி இறங்கி அவருடைய வரைகோட்டைக் கெடுத்தது. அந்த இடையூற்றை நீக்க வழி தேடியபோதுதான், துடிப்போடு ஏறி இறங்கும் அந்தப் பகுதி தமனி ரத்தத்திலிருந்து மட்டுமே வருகிறது என்பது அவருக்குப் புலப்பட்டது. தோல், தசை, எலும்பு, சிரை ரத்தம் ஆகிய அனைத்தும் ஒளியைத் தடுத்தாலும் அவை துடிப்பதில்லை. துடிக்கிற பகுதியை மட்டும் பிரித்தெடுத்தால், ஊசி குத்தாமலேயே தமனி ரத்தத்தின் நிறத்தை அறியலாம். இடையூறாக வந்ததே கண்டுபிடிப்பாயிற்று. 1974-இல் அவர் இதை வெளியிட்டார்.

நிறத்தை அறிவதால் என்ன பயன்? ஆக்ஸிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபின் நல்ல சிவப்பு; ஆக்ஸிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின் கருஞ்சிவப்பு. உங்கள் ஆக்ஸிமீட்டரின் ஒரு தாடையில் இரண்டு சிறு விளக்குகள் இருக்கின்றன. ஒன்று ஏறத்தாழ 660 நானோமீட்டர் அலைநீளம் உள்ள சிவப்பு ஒளி. மற்றொன்று ஏறத்தாழ 940 நானோமீட்டர் உள்ள அகச்சிவப்பு. இரண்டாவது நம் கண்ணுக்குத் தெரியாது. ஆக்ஸிஜன் சுமந்த ரத்தம் அகச்சிவப்பை மிகுதியாக உறிஞ்சும். சுமக்காத ரத்தம் சிவப்பை மிகுதியாக உறிஞ்சும். எதிர்த்தாடையில் உள்ள ஒளி உணரி, விரலைக் கடந்து வந்த இரண்டும் ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு ஏறி இறங்குகின்றன என்பதை ஒப்பிடுகிறது. அந்த விகிதமே ஆக்ஸிஜன் செறிவாக, 97 என்றோ 91 என்றோ, திரைக்கு வருகிறது.

விகிதத்தைச் செறிவாக மாற்றும் கணக்கு எங்கிருந்து வந்தது? உடல்நலமுள்ள தன்னார்வலர்களை ஆக்ஸிஜன் குறைந்த காற்றைச் சுவாசிக்கச் செய்து, அதே நேரத்தில் அவர்களுடைய தமனியிலிருந்து ரத்தம் எடுத்துச் சோதித்து, இரண்டையும் ஒப்பிட்டுத்தான் அட்டவணை தயாராகிறது. உடல்நலமுள்ள ஒருவரை 70 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுசெல்வது ஆபத்து. ஆகவே அதற்குக் கீழே காட்டப்படும் எண்கள் நீட்டிப் போட்ட கணக்கே. 62-க்கும் 58-க்கும் வேறுபாடு தேடுவதில் பொருளில்லை. இரண்டும் சொல்வது பேராபத்து என்பதையே. நல்ல கருவியிலும் உண்மைக்கும் காட்டும் எண்ணுக்கும் இடையே இரண்டு மூன்று புள்ளிகள் வேறுபாடு இருக்கலாம். நேற்று 97, இன்று 96 என்று கலங்கி இரவு முழுவதும் விழித்திருந்த ஒரு தாயாரை நாங்கள் அறிவோம். அந்த ஒரு புள்ளி நோய் அன்று, கருவியின் இயல்பு.

ஆனால் 90 என்ற எண்ணுக்குத் தனி மரியாதை உண்டு. ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைப் பற்றுவதும் விடுவதும் சமமான சரிவில் நடப்பதில்லை. அது ஒரு மலையின் உச்சியில் உள்ள சமவெளியைப் போன்றது. 98-லிருந்து 92 வரை நடப்பது ஏறத்தாழச் சமதரை. 90-ஐத் தாண்டினால் செங்குத்தான இறக்கம். நுரையீரலில் ஏற்படும் அதே அளவு சீர்கேடு சமவெளியில் ஓரிரு புள்ளிகளை மட்டும் குறைக்கும். சரிவில் ஒரே மூச்சில் பத்துப் புள்ளிகளைக் குறைத்துவிடும். பெருந்தொற்றுக் காலத்தில் 94 என்ற எண்ணில் எச்சரிக்கைக் கோடு போடப்பட்டதற்குக் காரணம், சரிவின் விளிம்புக்கு வருவதற்கு முன்பே மருத்துவமனைக்கு வந்து சேர நேரம் வேண்டும் என்பதே. அந்நாள்களில் 80-களில் செறிவு இருந்தும் மூச்சுத் திணறல் ஏதும் தோன்றாமல் கைபேசியில் பேசிக்கொண்டிருந்தவர்களை நாங்கள் கண்டோம். அவர்களில் பலரைக் காப்பாற்ற உதவியது இந்தச் சிறு கருவிதான். அதன் குறைகளைச் சொல்லும்போதும் அந்த நன்றியை மறந்து சொல்லவில்லை.

எப்போது ஆக்ஸிமீட்டர் தவறும்?

துடிப்பைப் பிடித்துத்தான் அது கணக்கிடுகிறது. ஆகவே துடிப்பு விரலுக்கு வந்து சேராவிட்டால் கணக்கு இல்லை. கை குளிர்ந்திருந்தாலும், ரத்த அழுத்தம் மிகத் தாழ்ந்திருந்தாலும், நடுக்கத்தால் விரல் அசைந்துகொண்டிருந்தாலும் எண் நம்பத்தக்கதன்று. கையைத் தேய்த்துச் சூடாக்கி, மடியிலோ மேசையிலோ ஊன்றி அசையாமல் வைத்து, எண் ஒரே இடத்தில் நிலைக்கும் வரை ஒரு நிமிடமாவது காத்திருங்கள். மாட்டிய உடனே தோன்றும் முதல் எண்ணை எழுதிக்கொள்ளாதீர்கள். கருவி காட்டும் நாடித் துடிப்பும், மணிக்கட்டில் நீங்கள் விரல் வைத்து எண்ணும் துடிப்பும் ஒத்திருந்தால் செறிவின் எண்ணையும் பெரும்பாலும் நம்பலாம். ஒவ்வாவிட்டால் விரலை மாற்றிப் பாருங்கள்.

அடர்ந்த நிற நகப்பூச்சும், கருநிற மருதாணிப் பசையும் ஒளியைத் தடுக்கும். அறுவை சிகிச்சைக்கு முன்பு நகப்பூச்சை நீக்கி வரச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். திருமணம் முடிந்த கையோடு வந்த இளம்பெண்ணுக்குச் செவிலியர் காது மடலில் உணரியைப் பொருத்தினால் வியப்படைய வேண்டாம்.

தோலின் நிறமும் ஒளியைத் தடுக்கிறது. 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு, ஆக்ஸிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டிய வேளையில் தமனி ரத்தத்தில் உண்மையான செறிவு 88-க்கும் கீழே இருந்த நிகழ்வுகளை எண்ணிப் பார்த்தது. வெள்ளையர்களிடம் அது 100-க்கு ஏறத்தாழ 4. கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ 12. அந்த ஆய்வு நம் நாட்டில் நடந்ததன்று. ஆனால் நம்மிடையே எல்லா நிறத்தவரும் இருக்கிறோம். ஒளி நாட்டெல்லை பார்த்து நடப்பதில்லை. கருநிறத் தோல் உடையவருக்கு மூச்சு வாங்குகிறது, சோர்ந்திருக்கிறார், ஆனால் எண் மட்டும் 94 என்றால், அந்த 94-ஐ நாங்கள் ஐயத்துடனேயே பார்க்கிறோம். நீங்களும் அவ்வாறே பார்க்க வேண்டும்.

எல்லாவற்றிலும் கொடிய ஏமாற்றம் கார்பன் மோனாக்சைடு நஞ்சில் நேர்கிறது. மலைப் பகுதிகளில் குளிருக்காக மூடிய அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு உறங்குவோரும், மின்வெட்டின்போது ஜெனரேட்டரை அறைக்குள் இயக்குவோரும் இதற்கு இரையாகிறார்கள். அந்த வாயு ஹீமோகுளோபினைப் பற்றிக்கொண்டு ஆக்ஸிஜனுக்கு இடமில்லாமல் செய்துவிடும். ஆனால் அவ்வாறு பற்றப்பட்ட ஹீமோகுளோபினும் நல்ல சிவப்பாகவே இருப்பதால், இரண்டு ஒளிகளை மட்டும் அறிந்த ஆக்ஸிமீட்டர் அதை ஆக்ஸிஜன் என்றே கணக்கில் சேர்க்கும். உயிர் போகும் நிலையிலும் திரையில் 98 தோன்றலாம். இத்தகைய அறையில் ஒருவர் தலைவலி, வாந்தி, மயக்கம் என்று சொன்னால் விரலில் கருவியை மாட்டிப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, 108-ஐ அழையுங்கள்.

ரத்தசோகையையும் ஆக்ஸிமீட்டர் அறியாது. பத்து வண்டிகள் ஓட வேண்டிய இடத்தில் ஐந்து வண்டிகளே ஓடினாலும், ஓடுகிற ஐந்தும் நிறைந்திருந்தால் அது 100 என்றே சொல்லும்.

கருவி அறியாத கரியமில வாயு

எங்கள் நுரையீரல் பிரிவில் மீண்டும் மீண்டும் காணும் ஒரு நிலையைத் தனியே சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் புகைபிடித்ததாலோ, விறகடுப்புப் புகையில் சமைத்ததாலோ நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வந்த பெரியவர். வீட்டில் ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டர் இருக்கிறது. நாங்கள் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் என்று எழுதிக் கொடுத்திருப்போம். அவருடைய செறிவு 89, 90 என்று இருக்கும். மகனுக்கோ மருமகளுக்கோ மனம் கேட்பதில்லை. தங்களுக்கு 98 காட்டுகிறதே, அப்பாவுக்கு ஏன் 90 என்று லிட்டரைக் கூட்டுகிறார்கள். இரண்டு, மூன்று, ஐந்து. எண் 98 ஆகிறது. அப்பாவும் அன்றிரவு நன்றாக உறங்குகிறார். மறுநாள் காலையில் எழுப்பினால் எழுவதில்லை.

அன்பினால் செய்த காரியம் அது. அந்தக் குடும்பங்களை நாங்கள் ஒருபோதும் கடிந்துகொள்வதில்லை. நடந்தது இதுதான். இந்நோயில் நுரையீரல் கரியமில வாயுவை வெளியேற்றத் திணறுகிறது. அளவுக்கு மீறி ஆக்ஸிஜன் கொடுக்கும்போது, பழுதான பகுதிகளுக்கும் ரத்தம் வீணே பாய்வது முதலான காரணங்களால் கரியமில வாயு மேலும் தேங்குகிறது. தேங்கிய வாயு மூளையை மயக்குகிறது. மயங்கிய மூளை மூச்சை இன்னும் குறைக்கிறது. இவ்வளவும் நடக்கும்போது ஆக்ஸிமீட்டரின் எண் அழகாகவே இருக்கும். ஏனெனில் கரியமில வாயுவை உணரும் ஆற்றல் அதற்கு அறவே இல்லை. மருத்துவமனையில் நாங்கள் தமனி ரத்தத்தை எடுத்து வாயுப் பரிசோதனை செய்வதும், செயற்கைச் சுவாசக் குழாயில் கரியமில வாயுவுக்கென்றே வேறோர் உணரியைப் பொருத்துவதும் இதற்காகவே. ஏற்கெனவே விரலில் கருவி இருக்கும்போது மணிக்கட்டில் வேறு ஏன் குத்துகிறீர்கள் என்று கேட்கிறவர்களுக்கும் இதுவே விடை.

ஆகவே கரியமில வாயு தேங்கும் இயல்புடைய இந்நோயாளிகளுக்குச் செறிவு 88 முதல் 92 வரை இருப்பதே நாங்கள் வேண்டும் இலக்கு. 90 என்பது அவர்களுக்குக் குறைவன்று. 98 என்பதுதான் கேள்விக்குரியது. உங்கள் வீட்டு நோயாளிக்கு எந்த இலக்கு என்பதை மருந்துச் சீட்டிலேயே எழுதித் தரும்படி எங்களைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. காலையில் தலைவலி, பகலில் வழக்கத்துக்கு மாறான உறக்கம், பேச்சில் குழப்பம், நீட்டிய கைகள் படபடவென்று அடித்துக்கொள்ளுதல் ஆகியவை கரியமில வாயு தேங்குவதன் அடையாளங்கள். இவற்றைக் கண்டால் ஆக்ஸிஜனை முற்றிலும் நிறுத்திவிடாதீர்கள். அது செறிவைப் படுவேகமாகச் சரியச் செய்யும். எழுதிக் கொடுத்த அளவுக்கு மீட்டுக் குறைத்து, உடனே அழைத்து வாருங்கள்.

எந்தக் கருவியும் இல்லாமல் நீங்கள் எடுக்கக்கூடிய ஓர் அளவும் உண்டு. அவர் அமைதியாக இருக்கும்போது, அவருக்குத் தெரியாமல், ஒரு நிமிடம் முழுவதும் மார்பு எத்தனை முறை எழுந்து தாழ்கிறது என்று எண்ணுங்கள். பெரியவர்களுக்கு ஓய்வில் 12 முதல் 20 வரை இயல்பு. வழக்கமாக 18 இருந்தவருக்கு 26 ஆகியிருந்தால், ஆக்ஸிமீட்டர் என்ன சொன்னாலும் எங்களுக்குத் தெரிவியுங்கள். செறிவு குறைவதற்குப் பல மணி நேரம் முன்பே மூச்சின் எண்ணிக்கை கூடிவிடுவதை வார்டில் அடிக்கடி காண்கிறோம்.

கைப்பட்டையும் காற்றும்

வீட்டு ரத்த அழுத்தக் கருவி, கைப்பட்டையை இறுக்கிப் பின் மெல்லத் தளர்த்தும்போது தமனியின் துடிப்பால் உள்ளிருக்கும் காற்று அதிர்வதை உணர்கிறது. அதிர்வு உச்சத்தை அடையும் இடம் ஏறத்தாழச் சராசரி அழுத்தம். மேல் எண்ணும் கீழ் எண்ணும் அதிலிருந்து கணக்கிடப்படுபவை. கணக்கு முறை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். இரண்டு கருவிகள் இரண்டு எண் காட்டுவதன் காரணம் இதுவே. இதயத் துடிப்பு ஒழுங்கின்றி அடிக்கும் நோயுள்ளவர்களுக்கு அதிர்வும் ஒழுங்கற்றே இருக்கும். அவர்கள் ஒருமுறை பார்த்து முடிவு செய்யாமல், இரண்டு மூன்று முறை பார்த்துச் சராசரி எழுதி வர வேண்டும்.

கை இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது சடங்கன்று. கை 10 சென்டிமீட்டர் தாழ்ந்து தொங்கினால், அந்த உயரத்துக்குரிய ரத்தத்தின் எடையே ஏழு எட்டுப் புள்ளிகளைக் கூட்டிக் காட்டிவிடும். பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினாலும் கூடும். சட்டைக் கையின் மேல் சுற்றுவது, பேசிக்கொண்டே பார்ப்பது, மாடிப்படி ஏறி வந்த மூச்சோடு பார்ப்பது, சிறுநீரை அடக்கிக்கொண்டு பார்ப்பது எல்லாம் அவ்வாறே. ஐந்து நிமிடம் சாய்ந்து அமர்ந்து, காலை ஊன்றி, வாய் பேசாமல் பார்த்த எண்தான் எங்களுக்கு வேண்டும். இல்லாத நோய்க்கு மாத்திரை கூடிவிடக் கூடாதல்லவா?

சர்க்கரை நோயாளியின் இரண்டு கருவிகள்

அமெரிக்க ஆய்வாளர் லேலண்ட் கிளார்க் 1962-இல் ஒரு நொதியை மின்முனையோடு சேர்த்துச் சர்க்கரையை அளக்கலாம் என்று எடுத்துரைத்தார். இன்றைய சோதனைப் பட்டையின் முனையிலும் உலர்ந்த நிலையில் ஒரு நொதி காத்திருக்கிறது. ரத்தத்துளியில் உள்ள குளுக்கோஸ் அந்த நொதியோடு வினைபுரியும்போது மின்னணுக்கள் வெளிப்படுகின்றன. அந்த ஓட்டத்தைக் கருவி அளக்கிறது. நொதி குளுக்கோஸைத்தான் அறியும். அது ரத்தத்தில் இருந்ததா, விரலின் தோலில் ஒட்டியிருந்ததா என்று அறியாது. மாம்பழத்தையோ ஆரஞ்சையோ உரித்த கையைக் கழுவாமல் குத்திப் பார்த்தால் இயல்பான சர்க்கரையும் மிக உயர்ந்து தோன்றக்கூடும். அந்த எண்ணைப் பார்த்து இன்சுலினைக் கூட்டினால் விளைவு என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, நன்றாகத் துடைத்த பிறகே குத்துங்கள். எதிர்பாராத எண் வந்தால் மருந்தை மாற்றுவதற்கு முன் கையைக் கழுவி மீண்டும் ஒருமுறை பாருங்கள். பட்டைகள் ஈரக்காற்றில் கெடும். கடற்கரை ஊர்களில் உள்ளவர்கள் டப்பாவின் மூடியை ஒரு நிமிடம்கூடத் திறந்து வைக்க வேண்டாம்.

பன்னாட்டுத் தர விதியின்படி, 100 மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ள அளவுகளில் 100-க்கு 95 முடிவுகள் உண்மையிலிருந்து 15 விழுக்காட்டுக்குள் இருந்தால் போதும். அதாவது ஆய்வகம் 200 என்று சொல்லும்போது உங்கள் கருவி 180 என்றோ 220 என்றோ சொன்னால் இரண்டும் தம் வேலையைச் சரியாகவே செய்கின்றன.

கைச்சதையிலோ வயிற்றிலோ ஒட்டிக்கொள்ளும் தொடர் சர்க்கரை உணரி இப்போது பலரிடம் இருக்கிறது. அதன் மெல்லிய இழை ரத்தக்குழாயில் இருப்பதில்லை. தோலுக்கடியில் உயிரணுக்களுக்கு இடையே உள்ள நீரில் இருக்கிறது. ரத்தத்தில் நேரும் மாற்றம் அந்த நீருக்கு வந்து சேரச் சில நிமிடங்கள் ஆகும். சர்க்கரை வேகமாக இறங்கிக்கொண்டிருக்கும்போது திரை 85 என்று சொல்லும் வேளையில் ரத்தத்தில் 70-க்கும் கீழே போயிருக்கலாம். வியர்வை, படபடப்பு, கைநடுக்கம், பசி தோன்றினால் உடலை நம்புங்கள். விரலைக் குத்திப் பாருங்கள். குத்துவதற்கு வசதி இல்லையென்றால் மூன்று நான்கு தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிடுங்கள். இதற்கு மாறான நிலையும் உண்டு. உணரி உள்ள பக்கமாகவே ஒருக்களித்துப் படுத்தால் அழுத்தத்தால் அங்கு நீரோட்டம் குறைந்து, நள்ளிரவில் பொய்யாகத் தாழ்சர்க்கரை அலாரம் அடிக்கும். புரண்டு படுத்துச் சற்று நேரம் கழித்துப் பார்த்தால் எண் மீண்டுவிடும். ஐயமிருந்தால் விரலைக் குத்திப் பாருங்கள்.

அலாரம் ஒலிக்கும்போது

தீவிர சிகிச்சைப் பிரிவில் உறவினர்களை அதிகம் கலங்க வைப்பது கண்காணிப்புத் திரையின் ஒலி. மார்பில் ஒட்டியுள்ள மின்முனைகள் இதயத்திலிருந்து தோலுக்கு வந்து சேரும் ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ட் மின்சாரத்தை உணர்கின்றன. வியர்வையால் ஓர் ஒட்டு கழன்றாலே திரையில் நேர்கோடு தோன்றிவிடும். திரைப்படங்கள் அந்த நேர்கோட்டுக்கு ஒரே பொருளைத்தான் கற்பித்து வைத்திருக்கின்றன! செவிலியர் ஓடி வந்ததும் திரையை விட்டுவிட்டு நோயாளியின் முகத்தையும் மார்பையும் நோக்குவதைக் கவனித்திருப்பீர்கள். அது அலட்சியம் அன்று, பயிற்சி. நோயாளி கண் விழித்துப் பேசிக்கொண்டிருந்தால் அவர் கழன்ற ஒட்டைத் தேடுவார். அதே சமயம், ஒலி தொல்லையாக இருக்கிறது என்று நீங்களாக எந்தப் பொத்தானையும் அழுத்த வேண்டாம். பத்தில் ஒன்பது அலாரம் அசைவினால் வந்ததாக இருந்தாலும், பத்தாவது எது என்பது அருகில் வந்து பார்க்கும் வரை எங்களுக்கும் தெரியாது.

அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது எண்கள் எழுதிய நோட்டோடு கருவிகளையும் எடுத்து வாருங்கள். புறநோயாளிப் பிரிவின் செவிலியர், எங்கள் கருவியையும் உங்கள் கருவியையும் ஒரே நேரத்தில் வைத்துப் பார்த்து, வேறுபாடு எவ்வளவு என்பதை நோட்டின் முதல் பக்கத்தில் குறித்துத் தருவார். எண்ணுக்கு அருகில் ஒரு சொல்லும் சேர்த்து எழுதி வைத்தால் எங்களுக்கு மிகவும் உதவும்: நடந்து வந்த பின், உறங்கி எழுந்ததும், மூச்சு வாங்கியபோது, உணவுக்கு முன். மின்கலம் தேய்ந்திருந்தால் வருவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.